கொழுகொம்பு

சிற்றூர்களில் உழவோடு கைத்தொழில்களும் மக்களுக்கு வாழ்வளிக்கின்றன. அப்பளம் இடுதல், எண்ணெய் ஆட்டுதல், பனைவெல்லம் காய்ச்சுதல், பாய் முடைதல், பானை வனைதல் முதலியன வழிவழியாக நடந்து வருவன. இத்தொழிலாளரிடம் திறமை உண்டு, உழைப்பும் உண்டு, இல்லாதது முதல் ஒன்றே. அதனால் அவர்கள் மிகுந்த வட்டிக்குக் கடன் பெறுவர். கடன் தந்தவர்க்கே பொருளைக் குறைந்த விலைக்கு விற்பர். இறுதியில் தொழிலைக் கைவிட்டு நகரங்களை நாடுவர். குயவர் ஒருவரது சக்கரம் நின்றுவிடின், அதனோடு ஒரு கலையும் நின்றுவிடுகின்றது அன்றோ?

இந்நிலையை மாற்றக் கருதிய காந்தியடிகள், 1934ஆம் ஆண்டில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை நிறுவினார். தஞ்சையிற் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் செக்கு முதலிய கருவிகளைத் திருத்தி அமைக்கும் முயற்சிகள் நடைபெற்றன. விடுதலைக்குப் பின், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1957இல் தோன்றியது.

சிறு உணவுத் தொழில்களுக்கென 2020ஆம் ஆண்டில் தனித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. அதன் விதியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். அப்பளத் தொழில் புரியும் பெண்மணி ஒருவர், 2,00,000 ரூபாய் விலையுள்ள பொறிகளை வாங்க விரும்புகிறார் என்க. நூற்றுக்குப் பத்துப் பங்கேனும், அஃதாவது 20,000 ரூபாய், அவரே இடுதல் வேண்டும். எஞ்சியதை வங்கி கடனாக அளிக்கும். நூற்றுக்கு 35 பங்கு, அஃதாவது 70,000 ரூபாய், அரசின் மானியம் ஆகும். ஆயின், அது அவர் கையில் உடனே தரப்படுவதில்லை. வங்கியில் தனிக் கணக்கில் வைக்கப்படும். மூன்று ஆண்டுகள் கழித்தும் தொழில் நடைபெற்று, கடன் தவணைகளும் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருப்பின், அத்தொகை கடனில் கழிக்கப்படும்.

கைவினைஞர்க்கும் இத்தகைய உதவி உண்டு. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய விசுவகர்மா திட்டம், குயவர், கொல்லர், தச்சர் உள்ளிட்ட 18 வகைத் தொழிலாளர்க்குப் பயிற்சியும், கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும், குறைந்த வட்டிக் கடனும் அளிக்க வகை செய்தது.

மானியம் இலவசப் பொருள் அன்று. அது மக்கள் செலுத்திய வரிப்பணம். அதனைப் பெறும்பொருட்டே பொறியை வாங்கி மூலையில் முடக்கி வைப்பவர், தமக்கும் பயன் தேடார். உண்மையாக உழைக்கும் மற்றொருவர்க்கும் வழியடைப்பர். மாறாக, அதனைத் துணையாகக் கொண்டு நல்ல பொருளை நேர்மையாகச் செய்து விற்பவர், கடனைத் தீர்ப்பதோடு அண்டை வீட்டார் சிலர்க்கும் வேலை அளிப்பர்.

பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரை ஈந்தான். தேர் கொடியைத் தாங்கிற்று. ஆனால், படர்ந்து பூத்தது கொடியே ஆகும். அரசின் உதவியும் அத்தகைய கொழுகொம்பே. அதனைப் பற்றி வளர்தல் தொழில் செய்வோர் கடமை. அவர்கள் செய்யும் நற்பொருளை விரும்பி வாங்குதல் நம் அனைவரின் கடமை.