முப்பத்தைந்து வருடம் பொறுத்திருந்த கட்டைவிரல்

என்னிடம் கிட்டார் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் மூன்றாவது வாரமே கைபேசியை மேசைமேல் நிறுத்திவைத்துத் தங்கள் வாசிப்பைப் பதிவு செய்துவிடுகிறார்கள். நான் தடுப்பதில்லை. என் காலத்தில் அந்த வசதி இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் ஞாபகம் வந்துவிடுகிறது. அந்த மனிதர் 1928-ல் மைக் முன்னால் உட்கார்ந்தார். அடுத்தபடியாக உட்கார்ந்தது 1963-ல்.

நான் பெரிய வித்வான் இல்லை. கல்யாணக் கச்சேரிகளில் பின்வரிசையில் உட்கார்ந்து ரிதம் கிட்டார் வாசித்தவன். கப்பலில் வேலை பார்த்த நண்பன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த கேசட்டில்தான் ஹர்ட்டை முதலில் கேட்டேன். இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றே பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கி இன்றுவரை தெரிந்துகொண்டதில் உங்களுக்கு உதவக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

1. கட்டைவிரலுக்கு முதலில் வேலை கொடுங்கள்.

அந்த இரண்டாவது ஆள் வேறு யாருமில்லை, ஹர்ட்டின் கட்டைவிரல்தான். சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, மறுபடி நான்கு. ஒரு தாளத்துக்கு ஒரு அடி. மேலே என்ன நடந்தாலும் இது நிற்கக் கூடாது. ஆள்காட்டிவிரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் ஹர்ட் கிட்டாரின் பலகைமேல் ஊன்றிக்கொள்வார். நாதஸ்வரம் எங்கே போனாலும் தவில் காலப்பிரமாணத்தை விடாது அல்லவா, அப்படித்தான். இங்கே தவிலும் நாதஸ்வரமும் ஒரே கையில் இருக்கின்றன என்பதுதான் சங்கடம்.

இரண்டு வாரம் கட்டைவிரலை மட்டும் ஓட்டுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். பால் வாங்கியாச்சா என்று அம்மா கேட்க, தாளம் தடுமாறாமல் நீங்கள் "வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டால், மூன்றாவது வாரம் மெட்டைத் தொடலாம். பாதிப்பேர் இந்த இடத்தில்தான் என்னை விட்டுப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

2. 1928-ஐயும் 1963-ஐயும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹர்ட் மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற குக்கிராமத்தில் வாழ்ந்த விவசாயக் கூலி. அந்தப் பக்கத்து ஃபிடில் கலைஞர் வில்லி நார்மோர் சொல்லித்தான் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கு அவர் பெயரே தெரிந்தது. 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸிலும் டிசம்பரில் நியூயார்க்கிலும் பதிவு நடந்தது. நியூயார்க்கில் தனியாகக் கிடந்தபோது ஊர் நினைப்பு வந்து ஒரு பாட்டு கட்டினார். அதில் அவலான் என்ற ஊர்ப்பெயரைச் சேர்த்திருந்தார். தட்டுகள் பெரிதாக விற்கவில்லை. அடுத்த வருடம் பொருளாதாரப் பெருமந்தம் வந்து இசைத்தட்டுத் தொழிலையே படுக்கப் போட்டது. ஹர்ட் ஊர் திரும்பி மாடு மேய்த்தார், வயல் வேலை செய்தார், அக்கம்பக்கத்து விருந்துகளில் வாசித்தார்.

1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய 78 ஆர்பிஎம் தட்டுகளிலிருந்து ஒரு பெரிய நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதில் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் இருந்தன. கேட்ட இளைஞர்கள், இவர் எப்போதோ செத்திருப்பார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞருக்கு மட்டும் அந்த ஊர்ப்பெயர்ப் பாட்டு உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய வரைபடப் புத்தகம் ஒன்றில் அவலானைக் கண்டுபிடித்து 1963-ல் நேரே போய்க் கதவைத் தட்டினார். ஹர்ட்டுக்கு அப்போது 70 வயது. வந்திருப்பது அரசாங்கத் துப்பறியும் ஆள் என்றுதான் முதலில் நினைத்தாராம். சிரிக்காதீர்கள். 1963-ல், மிசிசிப்பியில், கறுப்பினக் கூலித் தொழிலாளி ஒருவரின் வாசலில் முன்பின் தெரியாத வெள்ளைக்கார இளைஞன் வந்து நின்றால் அது நல்ல சேதியாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அன்று அவரிடம் சொந்தமாக ஒரு கிட்டார்கூட இல்லை. ஹாஸ்கின்ஸின் கிட்டாரைத்தான் வாங்கி வாசித்துக் காட்டினார். அந்த ஜூலையிலேயே அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரைப் பதிவு செய்தது. அதே கோடையில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழா மேடையும் ஏறிவிட்டார்.

இப்போது கேளுங்கள். முதல் பதிவில் 'ஃபிராங்கி' பாட்டு பறக்கிறது, விரல்கள் முயல்போல ஓடுகின்றன. திரும்பி வந்த பிறகு நடை தளர்ந்திருக்கிறது, குரல் இறங்கியிருக்கிறது. 78 தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நாடாவுக்கு அந்த நெருக்கடி இல்லை, ஆகவே பாட்டு நீட்டி உட்கார்ந்துகொள்கிறது. மாறாமல் இருப்பது கட்டைவிரல் ஒன்றுதான். 35 வருடத்தில் அதன் சீர் ஒரு மயிரிழை பிசகவில்லை. முதல் அறிவுரையை ஏன் முதலில் வைத்தேன் என்று இங்கே புரியும்.

3. கஷ்டப்பட்டால்தான் ப்ளூஸ் வரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

அப்படிப் பார்த்தால் மிசிசிப்பியில் பருத்தி பறித்த எல்லோரும் ஜான் ஹர்ட் ஆகியிருக்க வேண்டும். அந்த 35 வருடம் அவருக்கு யாரும் கொடுத்த குருகுலவாசம் இல்லை, இழப்பு. அவர் வாசித்திருக்கக்கூடிய எத்தனையோ பாட்டுகள் நமக்கு இல்லாமலே போய்விட்டன. திரும்பி வந்த பிறகு அவருக்குக் கிடைத்தது சுமார் மூன்றரை வருடம்தான். 1966 நவம்பரில் இறந்துபோனார்.

4. மறந்துபோனால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சின்னவனிடமும் கேட்கலாம்.

சன் ஹவுஸ் என்று ஒருவர். 1930-ல் விஸ்கான்சின் மாநிலத்து கிராஃப்டனில் பாரமவுண்ட் நிறுவனத்துக்குப் பதிவு செய்தவர். 1941, 42-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அவரைத் தேடிப்போய் மறுபடி பதிவு செய்தார். பிறகு வடக்கே ரோசெஸ்டர் நகரத்துக்குப் போய் ரயில் வேலையில் சேர்ந்தார். கூட வாசித்த நண்பர் வில்லி பிரவுன் இறந்ததும் கிட்டாரையே விட்டுவிட்டார்.

1964 ஜூனில் மூன்று இளைஞர்கள் அவரை மிசிசிப்பி முழுக்கத் தேடினார்கள். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக வேலை செய்த மூன்று பேர் அந்த மாநிலத்தில் காணாமல்போனதும் அதே ஜூனில்தான். பிறகு அவர்கள் பிணமாகத்தான் கிடைத்தார்கள். பழைய பாட்டுக்காரரைத் தேடி வெளியூர்க் காரில் சுற்றுவது அன்றைக்கு விளையாட்டுக் காரியம் இல்லை. கடைசியில் அவர் நியூயார்க் மாநிலத்தில் இருக்கிறார் என்று தெரியவந்தது.

ஆள் கிடைத்துவிட்டார், கை கிடைக்கவில்லை. தன் பாட்டுகளே அவருக்கு மறந்துபோயிருந்தன. ஆலன் வில்சன் என்ற இருபத்தொரு வயதுப் பையன், பின்னாளில் கேன்ட் ஹீட் குழுவில் புகழ்பெற்றவர், சன் ஹவுஸின் பழைய தட்டுகளை வரிக்கு வரி மனப்பாடமாக வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்து, நீங்கள் 1930-ல் இதை இப்படி வாசித்தீர்கள், 1942-ல் இப்படி வாசித்தீர்கள் என்று அவருக்கே வாசித்துக் காட்டினார். பெரியவர் பார்த்துப் பார்த்துக் கையை மீட்டுக்கொண்டார். 1965-ல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த ஆல்பத்தைக் கேளுங்கள். உலோகக் கிட்டாரில் ஸ்லைடு உரசும் அந்தச் சத்தம் இன்றைக்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது.

அந்த அறையில் யார் குரு, யார் சீடன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பெரியவர் இளைஞன் முன்னால், எனக்கு மறந்துவிட்டது, காட்டு என்று உட்கார்ந்தாரே, அதைப் பாருங்கள். பத்து நாள் கிட்டாரைத் தொடாமல் இருந்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு வகுப்புக்கே வராமல் போகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

5. கை எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே வாசியுங்கள்.

எலிசபெத் காட்டன் என்ற கிட்டார் கலைஞர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். வலதுகைக்காரர்களுக்காகக் கம்பி பூட்டிய கிட்டாரை, கம்பிகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். ஆக, மற்றவர்கள் கட்டைவிரலால் வாசிக்கும் பேஸ் கம்பிகளை அவர் விரல்களால் வாசித்தார், மெட்டைக் கட்டைவிரலால் எடுத்தார். என் முதல் அறிவுரையை அப்படியே கவிழ்த்துவிட்டார்! இன்று அந்தப் பாணிக்கு அவர் பெயரையே வைத்து 'காட்டன் பிக்கிங்' என்கிறார்கள்.

வட கரோலினாவில் பிறந்தவர். வீட்டுவேலை செய்து சேர்த்த காசில் சிறுவயதிலேயே கிட்டார் வாங்கினார். தேவாலயத்தில், லௌகீகப் பாட்டெல்லாம் கூடாது என்றார்கள், பிறகு குடும்பம், வேலை. பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவில்லை. வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது வழிதவறிய சிறுமி ஒருத்தியைத் தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர், தாய் இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அந்த வீட்டுக்கே பிறகு சமையலுக்கும் வீட்டுவேலைக்கும் போனார். சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். எல்லா வீடுகளிலும் இப்படி ஒரு கிட்டார் தொங்குவதில்லை.

பெகியின் அண்ணன் மைக் சீகர், காட்டனின் வீட்டுக்கே பதிவுக் கருவியை எடுத்துப்போய் அவர் பாடியதைப் பதிவு செய்தார். 1958-ல் ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதை வெளியிட்டது. அறுபது வயதைத் தாண்டியவருக்கு அது முதல் ஆல்பம். தொண்ணூறைத் தாண்டிய பிறகு, 1985-ல், கிராமி விருதும் வந்தது. உங்கள் சுண்டுவிரல் குட்டை, எஃப் கார்டு வரவில்லை என்று அழுகிறீர்களே, அவருடைய கிட்டாரை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

6. பாட்டு யாருடையது என்று எழுதிவையுங்கள்.

காட்டன் சிறுமியாக இருந்தபோது கட்டிய 'ஃப்ரைட் டிரெயின்' பாட்டை பெகி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1957-ல் அங்கே ஒரு ஸ்கிஃபிள் குழு அதைப் பாடி ஊரெல்லாம் ஒலிக்கவிட்டது. தட்டில் இருந்ததோ வேறு இருவர் பெயர். அது காட்டனின் பாட்டு என்று நிலைநாட்ட சீகர் குடும்பம் போராட வேண்டியிருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸின் ஒரு பாட்டை 1966-ல் கிரீம் என்ற ராக் குழு வாசித்தது. அந்த உரிமைப் பணம் புற்றுநோயோடு இருந்த அவரது மருத்துவச் செலவுக்குக் கைகொடுத்தது. பெயர், தேதி, எந்த ட்யூனிங் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். போதும்.

7. ஸ்கிப் ஜேம்ஸின் டி மைனர் ட்யூனிங்கை முதல் வருடம் தொடாதீர்கள். அது அழகாக இருக்கிறது என்பதுதான் ஆபத்து. சும்மா மீட்டினாலே சோகம் சொட்டும், நீங்கள் எதையோ வாசித்துவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

8. வலதுகை நகத்தைக் கடிக்காதீர்கள். துருப்பிடித்த கம்பியை மாற்றுங்கள். கம்பியின் விலையைச் சொல்லி என்னிடம் புலம்பாதீர்கள்.

9. பதிவு செய்யும் நாளில் முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வாசியுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் எதையும் பதிவு செய்யாமல் இருந்துவிட்டு, 66 வயதில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். பையன் மரியாதையானவன், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தான். வாசித்து முடித்ததும், "சார், டைமிங் அங்கங்கே நகருது, சரி பண்ணிடறேன்" என்று கணினியில் ஒவ்வொரு அடியையும் கட்டத்துக்குள் இழுத்து வைத்தான். கேட்டேன். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, அழித்துவிடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுவாரம் வீட்டிலேயே, சன்னலைச் சாத்தி, ஒற்றை மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மே மாதம். மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன். மூன்று முறை வாசித்தும் பிடிக்கவில்லை. நான்காவது முறை எல்லாம் கூடி வந்தது, ஓரிடத்தில் மட்டும் வியர்வையில் கட்டைவிரல் வழுக்கி ஐந்தாம் கம்பிக்குப் பதில் ஆறாம் கம்பியைத் தொட்டுவிட்டது. அதை எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை வரும்போது போட்டுக் காட்டுகிறேன், எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்.