டேங்கில் இருப்பது உங்கள் சொத்தல்ல

கேள்வி: திருவொற்றியூரில் கருத்தரிப்பு மையம் நடத்துகிறேன். வயதாகிவிட்டதால் மூடிவிட நினைக்கிறேன். வேறொரு மையம், உறைய வைத்த கருக்கள் உட்பட எல்லாவற்றையும் மொத்த விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. ஒப்பந்தம் போடலாமா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பழைய கோப்புகள் சில வீணாகிவிட்டன. அதற்கு என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத மருத்துவர்

பதில்: கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், டாக்டர். இன்குபேட்டர், மைக்ராஸ்கோப், மேஜை நாற்காலி எல்லாம் உங்களுடையவை, விலை பேசுங்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் கருக்கள், எண்ணூரிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் உங்களை நம்பி வந்த தம்பதிகளுடையவை. 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் உள்ள ஏ.ஆர்.டி. (உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப) சட்டப்படி கருவையோ கருமுட்டையையோ விற்பது குற்றம். முதல் முறைக்கே 5 முதல் 10 லட்சம் ரூபாய் அபராதம். மறுபடியும் என்றால் 3 முதல் 8 ஆண்டு சிறை. மொத்த விலையில் கருக்களையும் சேர்த்து எழுதிவிட்டு, அது விற்பனையே இல்லை என்று வாதாட எனக்கே நா எழாது. ஈரோட்டில் ஒரு சிறுமியின் கருமுட்டையை விற்ற விவகாரம் 2022இல் வெடித்த பிறகு, அதிகாரிகளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் பார்ப்பார்கள்.

தம்பதிகள் தங்கள் சொந்தக் கருவை வேறு மையத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அதற்குத் தேசிய வாரியத்தின் அனுமதியைக் கேட்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் அது வேண்டும் என்பார் உண்டு; பிரிவில் இந்தியாவுக்குள் என்றும் இருப்பதால் வாரியத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூடுவதற்கு மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு தம்பதிக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள், போனிலும் சொல்லுங்கள். துறைமுகத்திலும் லாரியிலும் வேலை பார்ப்பவர்கள் வீடு மாறியிருப்பார்கள். ‘முகவரியில் இல்லை’ என்று திரும்பிவந்த உறையைப் பிரிக்காமல் வையுங்கள், நாளைக்கு அதுதான் சாட்சி. பதில் வராத கருக்களை நீங்களாக அழிக்காதீர்கள். 2025இல், இறந்துபோன ஓர் இளைஞரின் விந்தணுவை அழிக்க அவரே கையெழுத்திட்ட படிவம் இருந்தும், வழக்கு முடியும்வரை பாதுகாக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு மையத்துக்கு உத்தரவிட்டது. படிவத்தைப் பார்த்து, உரிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, அதன்பின் முடிவெடுங்கள். கடைசிக் கரு வெளியேறும்வரை நைட்ரஜன் நிரப்புவது உங்கள் பொறுப்பு. எம்பிரியாலஜிஸ்டை அதற்கு முன்பே அனுப்பிவிடாதீர்கள்.

பதிவேடுகளைப் பத்தாண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குள் மூடினால் உடனே தேசியப் பதிவகத்துக்கு மாற்றிவிட வேண்டும். வழக்கு ஏதும் நிலுவையில் இருந்தால் அந்த ஆவணங்கள் தீர்ப்பு வரும்வரை இருக்க வேண்டும். நனைந்த கோப்புகளை நினைவிலிருந்து புதிதாக எழுதி வைக்காதீர்கள். வெள்ளத்தை யாரும் உங்கள் குற்றமாக்க மாட்டார்கள், போலிப் பதிவேட்டை ஆக்குவார்கள். எவை போயின என்று பட்டியலிட்டு அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

ஸ்கேன் மெஷினுக்கான பதிவுச் சான்றிதழ், மையத்தை வாங்குபவர் பெயருக்கு மாறாது. அதன் இரண்டு பிரதிகளையும் அதிகாரியிடம் ஒப்படையுங்கள். மெஷினைப் பதிவு பெற்ற இடத்துக்கு மட்டுமே விற்கலாம்.

பேக்கேஜ் என்று முன்பணம் வாங்கி, சிகிச்சை பாதியில் நிற்பவர்களுக்கு மீதியைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மையத்தைப் பூட்டிவிட்டாலும், நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.