சங்கிலியா, பற்சக்கரமா?

கொச்சியின் கடைத்தெருவான பிராட்வேக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டிகள் பலவும் டீசல் எஞ்சினால் இயங்குவன. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒருமுறை சுழலவேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது சங்கிலி அல்லது பற்சக்கரத் தொகுதி. இணைப்புப் பிறழ்ந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சின் பாழாகும்.

சங்கிலி எடை குறைந்தது, ஓசையும் குறைவு. ஆயினும், தேயத் தேய நீளும். உரிய காலத்தில் மாற்றவேண்டும். டெம்போ டிராக்ஸ் வண்டியின் ஓஎம் 616 எஞ்சினில் இருப்பது சங்கிலியே. பற்சக்கரம் கனமானது, இரைச்சல் மிக்கது, எனினும், நெடுங்காலம் உழைக்கும். டபிள்யூடிஎம்-2 இரயில் எஞ்சின் அதனையே கொண்டது. சுமையையும் உழைப்பையும் அறிந்து தேர்வதே முறை.

வினா: நெடுந்தொலைவு ஓடும் சரக்குந்துக்கு எவ்விணைப்பு ஏற்றது? ஏன்?