விலைக்குறிப்பை ஆராய்தல்
(இருசக்கர வண்டிகளின் உதிரி உறுப்புக்களை வாங்குவோர்க்குச் சில குறிப்புக்கள்)

வாணிகம் என்பது விற்போன் ஒருவனாலேயே நடைபெறுவதன்று; வாங்குவோனும் அதிற் சரிபாதியாவான். எனினும், விற்கும் திறத்தைக் கற்பிக்கும் நூல்கள் பலவாயிருக்க, வாங்கும் திறத்தைக் கற்பிப்பன மிகச் சிலவே. அக்குறையைச் சிறிதேனும் நீக்கக் கருதி, நாள்தோறும் நம் கண்முன் நிகழும் ஒரு சிறு வாணிகத்தை ஈண்டு எடுத்துக்கொண்டு ஆராய்வாம். அது மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் உதிரி உறுப்புக்களை வாங்குவதாகும்.

சிற்றூரில் வண்டிப் பட்டறை நடத்தும் ஒருவர் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலோ, டில்லி கரோல் பாக்கிலோ உள்ள மொத்த வியாபாரிகள் மூவரிடம் விலை கேட்கின்றார். கொட்டேஷன் எனக் கடைத்தெருவில் வழங்கும் விலைக்குறிப்புக்கள் மூன்று வருகின்றன. அவற்றுள் எது குறைந்த தொகையோ அதற்கே ஆர்டர் கொடுத்துவிடுவது பலர் வழக்கம். அம்மூன்று தொகைகளும் ஒரே பொருளுக்கு, ஒரே நிபந்தனையின்மேல் எழுதப்பட்டவைதாமா என்று முதற்கண் வினவுவோர் சிலரே. அவ்வினாவை எழுப்பாது தொகைகளை மட்டும் ஒப்பிடுவது, படியையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணி நெல் அளப்பதை ஒக்கும். ஆதலின் பொருள், தொகை, நிபந்தனை, விற்போன் என்னும் நான்கையும் முறையே நோக்குவாம்.

1. பொருள்

பெயர் ஒன்றாயிருப்பினும் பொருள் வேறாதல் உண்டு. “6203 பேரிங்” என்று எழுதினால், உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர் என்பது மட்டுமே விளங்கும். அதன் இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதா, தகட்டு மூடி உள்ளதா, மூடியே இல்லையா என்பதை அவ்வெண் கூறாது. அதனைப் பின்வரும் எழுத்துக்களே கூறும். ‘2ஆர்எஸ்’ என்பது இருபுற ரப்பர் மூடியையும், ‘இசட் இசட்’ என்பது இருபுறத் தகட்டு மூடியையும், ‘சி3’ என்பது வழக்கத்தினும் மிகுந்த உள்ளிடைவெளியையும் குறிக்கும். இவை இல்லாத விலைக்குறிப்பு அரைகுறையானதே.

செயினுக்கும் இது பொருந்தும். 428 என்னும் செயினின் கண்ணிகளுக்கு இடையே உள்ள தொலைவு அரை அங்குலம். 520, 530 என்பவற்றிற்கு ஐந்தில் எட்டு அன்று, எட்டில் ஐந்து அங்குலம். பின்னவை இரண்டும் அகலத்தால் வேறுபடும். கண்ணிகளின் எண்ணிக்கையும் எழுதப்படல் வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் மயக்கம் இன்னும் மிகுதி. என்.ஜி.கே. நிறுவனத்தார் வழங்கும் வெப்ப எண் உயர உயரப் பிளக் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் தன்மையதாகும். பாஷ் நிறுவனத்தார் முறையிலோ எண் உயர்ந்தால் அத்தன்மை குறையும். எண்ணைக் கண்டு ஒன்றுக்கு மற்றொன்றை வாங்குவோர் எஞ்சினுக்குத் தீங்கு தேடுவோராவர். டயராயின், ‘90/100-10 53ஜே’ என்பதில் 53 என்பது 206 கிலோகிராம் சுமையையும், ‘ஜே’ என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தையும் எல்லையாகக் குறிக்கும். அதன் பக்கத்தில் அச்சிட்ட நான்கிலக்கம் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 1224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரம். நெடுநாள் கிடங்கிற் கிடந்த டயர் மலிவாக வருவதன் காரணம் அங்கே வெளியாகும்.

அளவு பொருந்திய பின்னரும், எவர் செய்தது என்னும் வினா எஞ்சுகின்றது. வண்டி செய்யும் கம்பெனியின் பெயரிட்ட பெட்டியில் வருவது ஒரு வகை. அக்கம்பெனிக்கே உறுப்புச் செய்து கொடுப்போர் தம் சொந்தப் பெயரிட்டு விற்பது இரண்டாம் வகை. விலை குறைவு என்பது கொண்டே இதனைத் தாழ்ந்ததென்று தள்ளற்க. பிறர் அதே வடிவிற் செய்து தம் பெயரால் விற்பது மூன்றாம் வகை; இதில் நல்லனவும் உள, தீயனவும் உள. பிறர் பெயரைத் திருடிய போலி நான்காம் வகை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே செய்தவர் பெயரையும் உறுப்பின் எண்ணையும் எழுதித் தரக் கேட்டல் வேண்டும். எழுதித் தரத் தயங்குவோர் எவ்வகையை அனுப்பக் கருதுகின்றனர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2. தொகை

இனி ஒரு கணக்கைக் காண்போம். செயின் ஸ்பிராக்கெட் செட் 20 வேண்டும் எனக் கொள்க. மூவர் எழுதிய விலைகள் வருமாறு. இவை விளக்கத்திற்காக யாம் அமைத்தவை.

முதலாமவர்: செட் ஒன்றுக்கு ரூ. 1,000, வரி தனி, கட்டுக்கூலி ரூ. 600, லாரி வாடகை வாங்குவோரைச் சேர்ந்தது.

இரண்டாமவர்: செட் ஒன்றுக்கு ரூ. 1,210, வரியும் வாடகையும் உட்பட, பட்டறை வாயிலில் ஒப்படைப்பது.

மூன்றாமவர்: அச்சிட்ட விலை ரூ. 1,400, அதில் நூற்றுக்கு 30 தள்ளுபடி போக ரூ. 980, வரி தனி, வாடகை தனி.

மேலோட்டமாக நோக்குவார்க்கு மூன்றாமவரே மலிவு. இரண்டாமவர் மிகக் கிராக்கி. கணக்கிட்டுப் பார்ப்போம். சரக்கு சேவை வரி 1-7-2017 முதல் நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிள் உறுப்புக்களுக்கு 28 விழுக்காடாக இருந்த வரி, 22-9-2025 முதல் 18 ஆயிற்று. லாரி வாடகை ரூ. 500 என்க. முதலாமவரிடம் சரக்கும் கட்டுக்கூலியும் ரூ. 20,600, வரி ரூ. 3,708, வாடகையோடு ரூ. 24,808. இரண்டாமவரிடம் ரூ. 24,200. மூன்றாமவரிடம் சரக்கு ரூ. 19,600, வரி ரூ. 3,528, வாடகையோடு ரூ. 23,628. ஆகவே ஆயிரம் என்று எழுதியவரே மூவருள்ளும் கிராக்கி என்பது தெளிவாயிற்று.

மூன்றாமவர் கூறிய தள்ளுபடியிலும் ஒரு நுட்பம் உண்டு. சில்லறைப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் உச்ச விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்பது சட்டம். அவ்விலையில் 30 விழுக்காடு கழித்து, அதன்மேல் மீண்டும் வரி சேர்த்தால் செட் ஒன்று ரூ. 1,156.40 ஆகின்றது. மெய்யான தள்ளுபடி 17.4 விழுக்காடேயன்றி 30 அன்று. தள்ளுபடி எந்த விலையின்மீது, வரி உள்ளா வெளியா என்னும் இரு கேள்விகளைக் கேளாமல் விழுக்காட்டை நம்புதல் கூடாது. அன்றியும், மூன்றாமவர் குறைந்தது 50 செட் வாங்கல் வேண்டும் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருப்பின், வேண்டாத 30 செட்டுக்கு ரூ. 34,692 அலமாரியில் முடங்கும். சிறு பட்டறைக்கு அது பல மாத வாடகைப் பணமாகும்.

வரிப் பதிவு பெற்றுத் தாம் செலுத்தும் வரியில் இதனைக் கழித்துக்கொள்ள உரிமையுடையோர், வரி நீக்கிய தொகைகளை ஒப்பிடுக. பதிவில்லாதாரும், இணக்க வரி முறையில் உள்ளாரும், வரி சேர்த்த தொகைகளையே ஒப்பிடுக.

3. நிபந்தனை

விலைக்குறிப்பு எத்தனை நாள் செல்லும் என்பது எழுதப்பட்டிருத்தல் வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒருவர் முன்மொழிந்ததை நாம் ஏற்றுக்கொண்டு அறிவிக்குமுன் அவர் திரும்பப் பெறலாம். குறித்த காலம் கடப்பின் அது தானே ஒழியும். ஆதலின் ஏற்பதைக் காலத்தில் எழுத்தால் அறிவித்தல் நலம்.

பெருந்தொகைக்கு வாங்குமுன் மாதிரி ஒன்று வரவழைத்து, அளந்து, வண்டியிற் பொருத்திப் பார்த்து, அதனைப் பத்திரப்படுத்துக. மாதிரியைக் கொண்டு விற்கும் சரக்கு அம்மாதிரியின் தரத்தோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பதும், ஒப்பிட்டுப் பார்க்க வாங்குவோர்க்கு வாய்ப்பு அளித்தல் வேண்டும் என்பதும் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதிகள். மாதிரியைத் தொலைத்தவர் அவ்விதியின் பயனையும் பெரிதும் இழப்பர். பழுதான சரக்கைத் திருப்பும் செலவு யாருடையது, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பனவும் முன்னரே பேசிக்கொள்ளத் தக்கவை.

4. விற்போன்

புதிய வியாபாரியாயின், அவர் கடிதத்தில் உள்ள வரிப் பதிவு எண்ணை நோக்குக. அது 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டிற்கு 33, டில்லிக்கு 07. அடுத்த பத்து அவருடைய வருமான வரி நிரந்தரக் கணக்கு எண். அரசாங்கத்தின் வரித் தளத்தில் அவ்வெண்ணை இட்டால் பதிவு பெற்றவர் பெயரும், பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். அப்பெயரும், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் வேறுபட்டால் முன்பணம் அனுப்பற்க. “பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன்” என்பார் சொல்லுக்கும் இணங்கற்க. பில் இல்லாத சரக்கைப் பற்றி நாளை முறையிடுவதற்குக் கையில் ஒரு சான்றும் இராது.

முடிவுரை

சில நூறு ரூபாய்க்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் வினவலாம். வாங்கும் உறுப்பு பிரேக் ஷூவாயிருப்பின், அதற்கு விடை எளிது. தகட்டில் ஒட்டிய உராய்வுப் பட்டை வெப்பத்தால் பெயர்ந்தால் சக்கரம் நில்லாது, அல்லது இறுகிப்போகும். அவ்வண்டியில், முன்னே ஒரு குழந்தையையும் பின்னே மனைவியையும் அமர்த்தி ஓட்டுபவர் அவ்விலைக்குறிப்பைக் கண்டவரல்லர். மூன்றாம் வகைக்கும் நான்காம் வகைக்கும் வேறுபாடு அறிந்தவருமல்லர். மெக்கானிக் நல்லதையே பொருத்தியிருப்பார் என்று நம்பிப் பணம் கொடுத்துச் சென்றவர் அவர். அந்நம்பிக்கையைக் காக்கவேண்டிய இடம், மெக்கானிக் ஆர்டர் எழுத உட்காரும் மேசையே.

மலிவாக வாங்குதல் குற்றமன்று. பட்டறை நிலைப்பதற்கு அது வேண்டுவதே. எது மலிவு என்று அறியாது வாங்குதலே குற்றம். வாணிகவியல் பயிலும் நம் மாணவர்கள், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம் தெருவில் உள்ள பட்டறையாரோடு அமர்ந்து அவருக்கு வந்த விலைக்குறிப்புக்கள் மூன்றை இம்முறையில் ஒரு தாளில் வரிசைப்படுத்திக் காட்டுவாராயின், அவருக்கும் அவரிடம் வண்டி விடுவார்க்கும் நற்றுணை புரிந்தோராவர். தாம் வகுப்பிற் கற்ற கணக்கின் பயனையும் அங்கே கண்கூடாகக் காண்பர்.