பூகர்ப்ப சாஸ்திரமும் பிழைப்பும்

நிலவியலாகிய பூகர்ப்ப சாஸ்திரத்தைக் கற்பிப்போர்க்கு மலையே கரும்பலகையாம். சென்னையை அடுத்த பரங்கிமலையில் மாணாக்கரை நிறுத்தி, ஆங்குள்ள கரும்பாறையைக் காட்டுதல் ஒன்றே ஒருநாட் பாடத்திற்குப் போதும். (பாதுகாக்கப்பட்ட சின்னமாதலின், சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுதல் வேண்டும்.) கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பாரது கல்லறைக் கல்லும் இவ்வினத்ததே எனக் கண்ட தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர், 1893-ஆம் ஆண்டில் இதற்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டனர்.

இனிப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் செல்வோம். கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள காரை என்னும் ஊரின் மண்ணோடைகளில், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த கடலுயிர்களின் சுருளோடுகள் கல்லாய்க் கிடக்கின்றன. “இங்கே கடலா, ஐயா?” என ஒரு மாணாக்கன் வினவும் அக்கணம் ஆசிரியனுக்கு ஊதியத்தினும் பெரிது.

கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமோ எனத் தந்தையர் கேட்பது நியாயமே. அப்பழங்கடல் படியவிட்ட சுண்ணாம்புக்கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கு இரையாகின்றது. அதன் அளவையும் தரத்தையும் ஆய்ந்து சொல்வோன் நிலவியலானே. 1851-இல் தோன்றிய இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிலும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் தேர்வெழுதிப் புகலாம். ஆயினும், திங்கட்கணக்கில் கூடாரத்தில் உறங்கி வெயிலில் அலைய மனமில்லாதோர் வேறு பாடத்தை நாடுக. நடக்க விரும்புவோர் அடுத்த விடுமுறையில் காரைக்குப் புறப்படலாம். குடிநீரும் குறிப்பேடும் மறவாதீர்.