மாஸ்க் விழுந்தால் முதலில் யாருக்கு?

கடந்த செமஸ்டர் விடுமுறையில் பாட்டியை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டேன். கே.எல்.ஐ.ஏ.விலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். காது இரண்டும் அடைத்தது. தலைக்கு மேலே மூடி திறந்து மஞ்சள் மாஸ்க்குகள் தொங்கின. விமானம் மூக்கைச் சாய்த்து இறங்க ஆரம்பித்தது. பின்னால் யாரோ "முருகா, முருகா" என்று கத்தினார்கள். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா இது, என்னய்யா ஆச்சு?" என்றார்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். காற்றழுத்தம் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். அப்படிப்பட்டவன் என்ன செய்தேன்? என் மாஸ்க்கைத் தொடவே இல்லை. பாட்டிக்கு மாட்டிவிடப் போனேன். ரப்பர் பட்டை அவர் கொண்டையில் சிக்கிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் என் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன்தான் என் மாஸ்க்கை இழுத்து என் முகத்தில் வைத்து அழுத்தினார். விமானம் பத்திரமாகத் திரும்பி வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெஞ்சாரோம் வந்து சேரும் வரை எனக்கு ஒரே வெட்கம்.

35,000 அடி உயரத்தில் கேபின் காற்று வெளியேறிவிட்டால், தெளிவாக யோசித்து வேலை செய்ய நமக்குக் கிடைப்பது 30 முதல் 60 விநாடிதான். மயக்கம் வருவதற்கு முன்பே புத்தி குழம்பும். குழம்பிவிட்டது என்பதே நமக்குத் தெரியாது. அதனால்தான் முதலில் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மற்றவருக்கு உதவுங்கள் என்கிறார்கள். இதைச் சுயநலம் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. நான் மயங்கியிருந்தால் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொன்று, மாஸ்க் தொங்கினால் மட்டும் போதாது. அதைக் கீழே இழுத்தால்தான் பல விமானங்களில் ஆக்சிஜன் வரத் தொடங்கும். கூடவே இருக்கும் பிளாஸ்டிக் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு முன்வரிசையில் ஒரு அக்கா, "பை உப்பவே இல்லையே" என்று பயந்து மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போது கிடைத்ததுதான், நம் சுபாங்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தின் கதை. கே.எல்.ஐ.ஏ. வருவதற்கு முன்னால் சுபாங்தானே நம் பெரிய விமான நிலையம்!

1982 ஜூன் 24. லண்டனிலிருந்து ஆக்லாந்து போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9, கோலாலம்பூரில் நின்றுவிட்டு பெர்த்துக்குப் புறப்பட்டது. போயிங் 747. உள்ளே 248 பயணிகள், 15 பணியாளர்கள். ஜாவாவுக்குத் தெற்கே, இருட்டில், கண்ணாடியைச் சுற்றி நீல ஒளி மின்னியது. கேபினில் கந்தக வாடையோடு புகை. ஜன்னல் வழியே பார்த்தவர்களுக்கு இயந்திரங்கள் உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒளிர்ந்தன. சில நிமிடங்களில் நான்காவது இயந்திரம் நின்றது. அடுத்து இரண்டாவது, பிறகு மீதி இரண்டும். ஜகார்த்தா கட்டுப்பாட்டு நிலையத்துக்குச் செய்தி சொன்னால், நான்காவது இயந்திரம் மட்டும் நின்றுவிட்டதாக அவர்கள் புரிந்துகொண்டார்கள்! நான்கும் ஒன்றாக நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் எதையும் மறைக்கவில்லை. நான்கு இயந்திரமும் நின்றுவிட்டன, மறுபடி இயக்கப் பாடுபடுகிறோம் என்று அமைதியாக அறிவித்தார். சிலர் வீட்டுக்குக் கடைசி வரி எழுதினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இயந்திரம் நின்றதால் கேபின் அழுத்தமும் குறைந்தது. காக்பிட்டில் எல்லாரும் மாஸ்க்கை எடுத்தபோது, துணை விமானி ரோஜர் கிரீவ்ஸின் மாஸ்க் குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. இயந்திரம் இல்லாத விமானத்துக்கு உயரம்தான் கையிருப்பு. முன்னால் ஜாவாவின் மலைகள் வேறு. அந்தக் கையிருப்பைச் செலவழித்து, கிரீவ்ஸ் மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு மூடி வேகமாக இறக்கினார். பக்கத்தில் இருப்பவருக்காக அப்படி முடிவெடுக்க அவருக்குத் தெளிந்த புத்தி வேண்டியிருந்தது. புத்திக்குக் காற்று வேண்டும். பாட்டியின் கொண்டையோடு போராடிய என்னிடம் அது இல்லை.

37,000 அடியிலிருந்து சுமார் 13,000 அடிக்கு வந்த பிறகு ஓர் இயந்திரம் உயிர்பெற்றது. பிறகு மற்றவையும். ஒன்று மறுபடி மக்கர் செய்ததால் அதை நிறுத்திவிட்டு, மூன்றை வைத்து ஜகார்த்தாவின் ஹாலிம் விமான நிலையத்தில் இறங்கினார்கள். முன்கண்ணாடி உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி மங்கிப்போயிருந்தது. 263 பேரும் பிழைத்தார்கள்.

காரணம் கலுங்குங் எரிமலையின் சாம்பல். அது காய்ந்த தூள். வானிலை ராடார் ஈரத்தைத்தான் பார்க்கும், சாம்பலைப் பார்க்காது. இயந்திரத்தின் எரிவெப்பத்தில் சாம்பல் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக் காற்றை அடைத்தது. நின்றுபோன இயந்திரம் குளிர்ந்ததும் அது இறுகி உடைந்து உதிர்ந்தது. அதாவது இயந்திரம் நின்றதே அது மறுபடி ஓட வழிவிட்டது. நம் விரிவுரைகளில் இதை விட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அடுத்த மாதமே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 747 ஒன்றும் அதே சாம்பலில் மாட்டியது. இன்று இந்தோனேசிய வானத்தின் எரிமலைச் சாம்பலை டார்வின் நகரில் ஒரு மையம் கண்காணித்து எச்சரிக்கிறது.

தரைக்கு வந்த பிறகும் ஆபத்து இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 3, திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் விமானம் ஓடுபாதையில் விழுந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள், ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். புகைக்குள்ளேயே சிலர் மேலே இருந்த பெட்டியை எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 ஜனவரி 2 அன்று ஹானேடாவில் எரிந்த ஜப்பான் விமானத்தில் 379 பேரும் வெளியே வந்தார்கள், பெரும்பாலும் வெறுங்கையோடு.

அடுத்த வகுப்பில் நாற்காலிகளை விமான வரிசை மாதிரி போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கதவு வரை எத்தனை வரிசை என்று கையால் தடவி எண்ணிப் போங்கள். எங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம், ஐந்து பேரில் இரண்டு பேர் சுவரில் முட்டிக்கொண்டார்கள். காரில் பெல்ட்டை அமுக்கிக் கழற்றுவோம், விமானத்தில் மூடியைத் தூக்க வேண்டும். பதற்றத்தில் கை கார் பழக்கத்துக்கே போகும். அதனால் உட்கார்ந்ததும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். பாட்டி இப்போது இரண்டு முறை செய்கிறார். மறுபடி திருச்சிக்குக் கிளம்பிய அன்று பணிப்பெண் மாஸ்க்கைக் காட்டிக்கொண்டிருந்தபோது நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி போனைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.