நகையைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: என் கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்தைத் தாண்டாது. மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, பி.இ. கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரிப் படியேறியதில்லை. ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இப்போதே முன்பணம் கட்டுங்கள், லோன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்கிறார். வங்கியிலோ வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். அது மாமனார் பெயரில் இருக்கிறது. நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம் சகோதரி. முன்பணமும் கட்டாதீர்கள். கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான் அரசின் கட்டணச் சலுகைகள் உங்கள் மகளுக்குக் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால், குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும், கட்டணமும் கூடும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவளா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இடையில் தனியார் பள்ளிக்குப் போயிருந்தால் பொதுவாக அந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனாலும் முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறது. அதற்குச் சாதியோ வருமானமோ தடையில்லை. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் தருவார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள்.

இனி கடன். நான்கு லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏழரை லட்சம் வரைக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. பத்திரத்தைத் தேடி மாமனாரிடம் போக வேண்டியதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் எழுத்தில் பதிவாகும். வாய்மொழியாக "முடியாது" என்றால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கியிடம் முறையாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுவது வட்டியைத்தான். "படித்து முடித்துக் கட்டினால் போதும்" என்பது அசலுக்கும் தவணைக்கும்தான். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டு அவகாசம். தவணை தொடங்கும் அன்று வட்டி மட்டும் 1,40,000 சேர்ந்திருக்கும். 5,40,000 ரூபாயைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். முதல் வேலைக்குப் போகும் பெண்ணின் சம்பளத்தில் இது பெரிய பங்கு.

உங்கள் வருமானத்துக்கு அந்த 1,40,000 ரூபாயை மத்திய அரசே கட்ட வழியிருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால் அவகாசக் கால வட்டி முழுக்க மானியம். தவணையும் 5,290 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும். தனியார் கல்லூரி என்றால் நாக் அங்கீகாரமோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும். ஆகவே கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன்பே இதைப் பாருங்கள்; சேர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை. வங்கியில் கையெழுத்துப் போடும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தானாக நடக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

மானியம் கிடைக்காமல் போனாலும், முதல் ஆண்டு வட்டி மாதம் 830 ரூபாய் அளவில்தான் வரும். கடையிலிருந்து அதை மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டுங்கள்; கடன் வளராது.

முதல் தவணைக் கட்டணத்தின் கெடு, கடன் கைக்கு வருமுன் வந்துவிடலாம். கல்லூரியில் அவகாசம் கேளுங்கள். தராவிட்டால் அந்தத் தொகைக்கு மட்டும், வங்கியில் மட்டும், நகையை வையுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கட்டிய பணத்தைக் கடனிலிருந்து திருப்பித் தருவார்களா என்று விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.